தோட்டத்து வீட்டுக்குப் பக்கத்திலேயே சாயங்காலம் நடந்து போய் காட்டு மிருகங்கள், பறவைகள் பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். இலங்கை மலைநாட்டில் ஹட்டன், நுவரெலியா பக்கம் இருக்கிறீர்கள், "ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குப் போனால்தான் ஏதாவது பார்க்கலாம்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். அங்கே போவது தப்பென்று சொல்ல வரவில்லை. ஆனால் தேயிலை முடிந்து காடு தொடங்கும் ஓரம் பல தோட்டங்களில் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, மேலேயே இருக்கிறது. பொழுது சாய்கையில் மரை என்கிற பெரிய மானும் பன்றியும் மேய இறங்குவது அங்கேதான்.

நேரக்கணக்கை முதலில் பாருங்கள். நவம்பரில் 5.50 அளவில் சூரியன் மறையும், ஜூலையில் 6.30 ஆகும். மறைந்து 20 நிமிடத்தில் கால் வைக்கிற இடம் தெரியாது. 4.30க்குக் கிளம்பி, 5 மணிக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். ஆம், உட்காரத்தான் வேண்டும். நடந்துகொண்டே இருந்தால் உங்கள் சத்தத்துக்கு எல்லாம் விலகிவிடும். காடு மேலே, நீங்கள் கீழே இருப்பது நல்லது. வெயில் இறங்கியதும் குளிர்காற்று சரிவில் கீழ்நோக்கி வரும், உங்கள் வாடை காட்டுக்குப் போகாது. கவ்வாத்து வெட்டிய மலையாகப் பாருங்கள். செடி இடுப்பளவு நிற்கிற நம்பரில் (தேயிலை மலையின் ஒரு பிரிவில்) பத்தடியில் பன்றி நின்றாலும் தெரியாது.

கண்ணைவிடக் காது அதிகம் சொல்லும். பெரிய கறுப்பு மந்திகள் படுக்கப்போகிற மரத்தில் கரகரவென்று குரைக்கும். ஓடையோரம் கிறீச்சென்று சீட்டி கேட்டால், இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத நீலச் சீட்டிக் குருவியாக இருக்கலாம். மங்கல் வெளிச்சத்தில்தான் வெளியே வரும். மரை ஒரே இடத்தில் நின்று திரும்பத் திரும்பக் கத்தினால் சிறுத்தை நடமாடுகிறது என்று பொருள். அப்போது எழுந்து வந்துவிடுங்கள். பாசி படிந்த மரத்தண்டுகளையும் விடாமல் பாருங்கள். மூக்கில் கொம்போடு ஓர் ஓணான் அசையாமல் ஒட்டியிருக்கும். இதுவும் நம் மலைக்கு மட்டுமே உரியது. கிட்டப் போனால் ஓடாது, மெல்லத் தண்டின் மறுபக்கம் நகரும். பிடித்துப் படமெடுக்காதீர்கள்.

அட்டைக்கு, கால்சட்டையைச் சொக்ஸுக்குள் விட்டு, சொக்ஸில் ஈரச் சவர்க்காரத்தை அழுத்தித் தேய்த்தால் போதும். மழையில் கரைந்துவிடும், திரும்பத் தேய்க்க வேண்டும். கடித்ததை நெருப்பாலோ உப்பாலோ எடுக்காதீர்கள். குடித்ததைக் கடிவாயிலேயே கக்கிவிடும். மெல்லிய முனையில் நகத்தை விட்டுத் தள்ளினால் கழன்றுவிடும்.

சிறுத்தையைவிடக் குளவிக்குப் பயப்படுங்கள். சென்ட் பூசாதீர்கள், கூடு தொங்குகிற மரத்தடியில் நிற்காதீர்கள். குளவி கிளம்பிவிட்டால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஓடுங்கள். அடிக்கக் கூடாது, ஒன்றை நசுக்கினால் அந்த வாடைக்கு மற்றவையும் வரும். குட்டியோடு பன்றி வந்தால் அதன் வழியை விட்டு மேட்டில் ஏறுங்கள். சிறுத்தை எதிரே நின்றால் மட்டும் ஓடாதீர்கள், முதுகு காட்டாமல் பின்வாங்குங்கள்.

டோர்ச்சுக்குச் சிவப்புத் தாள் ஒட்டுங்கள். தோட்டத்துக் காவல்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், அரசு ஒதுக்கி வைத்த காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழையாதீர்கள். ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் பகல் சாயும்போது இடி வந்தால் மலைமுகட்டில் நிற்காதீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். காட்டோரப் பன்றித் தடங்களில் பிரேக் கம்பியில் சுருக்கு வைத்திருப்பார்கள். மரக்கறி போட்டவர் நட்டம் தெரியாமல் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம், ஒரே ராத்திரியில் பாத்தி பாத்தியாகப் போகும், தெரியும். ஆனால் சுருக்குக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை அப்படித்தான் மாட்டிச் செத்தது. அந்தத் தடங்களில் உங்கள் கணுக்காலும் மாட்டும், தரையைப் பார்த்து நடங்கள். மிருகம் மாட்டியிருந்தால் நீங்களே அவிழ்க்கப் போகாமல் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு உடனே அறிவியுங்கள். இழுக்க இழுக்கக் கம்பி உள்ளே இறங்கும் என்பதால் கூட்டம் கூடவும் விடாதீர்கள்.