செயற்கை நுண்ணறிவு வந்தபின் ‘வேலை’ என்ற சொல்லின் பொருள் மாறுமா?

பதினெட்டு ஆண்டுகளாக மருந்துக் குறிப்புகளையும் மருத்துவமனைப் படிவங்களையும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்து வருகிறேன். என் தொழிலில் அந்தப் பொருள் ஏற்கெனவே மாறிவிட்டது.

2017இல் கூகுள் மொழிபெயர்ப்பு முழு வாக்கியத்தையும் ஒன்றாக எடுத்து மொழிபெயர்க்கும் நரம்பியல் வலைப்பின்னல் முறையைத் தமிழுக்கும் கொண்டுவந்தபோது, அதுவரை துண்டு துண்டாக வந்துகொண்டிருந்த தமிழ் ஓரளவு கோவையாக வரத் தொடங்கியது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. இன்று எனக்கு வரும் கோப்புகளில் பெரும்பாலானவற்றில் இயந்திரத் தமிழ் முன்பே நிரப்பப்பட்டிருக்கிறது. அதைத் திருத்துவதற்கு ‘போஸ்ட் எடிட்டிங்’ என்று பெயர். கூலி பழைய கூலியில் பாதிதான்.

சென்ற ஆண்டு ஒரு மாத்திரைக் குறிப்பில் ‘எவ்ரி அதர் டே’ என்று இருந்ததை இயந்திரம் ‘ஒவ்வொரு நாளும்’ என்று எழுதியிருந்தது. ‘ஒரு நாள் விட்டு ஒரு நாள்’ என்று வந்திருக்க வேண்டும். வாக்கியம் பிழையில்லாத தமிழில் முன்பின் வரிகளோடு இழைந்து நின்றதால், முதல் வாசிப்பில் நானும் கடந்து போய்விட்டேன். மூலத்தோடு மறுபடி ஒப்பிட்டபோதுதான் பிடிபட்டது. அதை நம்பி ஒருவர் விழுங்கியிருந்தால் இருமடங்கு மருந்து உடம்பில் சேர்ந்திருக்கும்.

நானே எழுதிய காலத்தில் பொருள் புரியாமல் கை ஓடாது. சொல்லைத் தேடும்போதே புரிந்துவிடும். இப்போது சொல் முன்னால் வந்து நிற்கிறது, பொருளைத் தேடி நான் பின்னால் போகிறேன். முன்பு எழுதியதற்குக் கூலி வாங்கினேன். இப்போது பெரும்பாலும் பொறுப்பேற்பதற்கு வாங்குகிறேன். மொழிபெயர்ப்புச் சான்றிதழில் இருப்பது என் கையெழுத்து.

எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைக் கண்டறியும் கதிரியக்க மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதை நிறுத்திவிடலாம், அந்த வேலையை இயந்திரமே இன்னும் நன்றாகச் செய்துவிடும் என்று 2016இல் செயற்கை நுண்ணறிவு ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டன் சொன்னார். அவர்கள் இன்றும் தேவைப்படுகிறார்கள். ஆகவே வேலையே இல்லாமல் போய்விடும் என்று நான் அஞ்சவில்லை. பிழையைக் கண்டுபிடிக்கும் கண் எனக்குப் பல ஆண்டுகள் தப்பும் தவறுமாக எழுதி எழுதித்தான் வந்தது. அந்தத் தொடக்கநிலை வேலைகளைத்தான் இயந்திரம் முதலில் எடுத்துக்கொண்டிருக்கிறது. அடுத்த தலைமுறைக்கு அந்தக் கண் எங்கிருந்து வரும் என்பதே என் கவலை.

என்னிடம் தொழில் பழக வந்திருக்கும் பெண்ணுக்கு மூலத்தை மட்டும் தந்து, இயந்திரத் தமிழைக் காட்டாமல் எழுதச் சொல்கிறேன். ஒரு பக்கத்துக்கு அவளுக்கு அரை நாள் ஆகிறது. அந்த அரை நாளுக்கு எந்த ஏஜென்சியும் பணம் தராது என்பதால், என் கூலியிலிருந்து தருகிறேன்.