சக்கரம் வைத்த வீடும் அண்ணன் கேட்கும் முன்பணமும்

கேள்வி: நான் அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியை, வயது 44. கைக்கு வரும் சம்பளம் 58,000 ரூபாய். கணவர் கோழித்தீவன நிறுவனத்தில் கணக்கர், 27,000 வாங்குகிறார். மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். நாமக்கல்லில் 9,000 ரூபாய் வாடகைக்குக் குடியிருக்கிறோம். 2014இல் ஊருக்கு வெளியே மூன்று சென்ட் மனை வாங்கினோம். அது அங்கீகாரம் இல்லாத மனை என்பதால் சும்மா கிடக்கிறது. என் அண்ணன் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். 30 அடி நீளம், 8 அடி அகலத்தில் சக்கரம் வைத்த சிறிய வீடு ஒன்றை 9.5 லட்சத்துக்குக் கட்டித் தருவதாகச் சொல்கிறார். சக்கரம் இருப்பதால் கட்டட அனுமதி தேவையில்லை என்கிறார். எங்கள் மனையிலோ, அவருடைய பட்டறையின் பின்பக்கத்திலோ, என் மாமனாரின் தோட்டத்திலோ நிறுத்திக்கொள்ளலாமாம். வேண்டாம் என்றால் கொல்லிமலையில் வைத்து வாடகைக்கு விடலாமாம். முன்பணமாக 5 லட்சம் இந்த மாதமே வேண்டும் என்கிறார். நிதி நிறுவனம் ஒன்று 15 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடன் தரத் தயாராக இருக்கிறது. அண்ணனுக்காக 2020இல் 4 லட்சம் தனிநபர் கடன் எடுத்தேன். 2022இல் அதை 6 லட்சமாகவும், 2024இல் 7.5 லட்சமாகவும் டாப்-அப் செய்தேன்; அதாவது பழைய பாக்கியை அடைத்துவிட்டு மேலும் பணம் தரும் பெரிய கடனாக மாற்றினேன். இப்போது மாதத் தவணை 17,450. இன்னும் நான்கு ஆண்டு பாக்கி. அவருக்காகவே எட்டுப் பவுன் நகையை வைத்து 2.4 லட்சம் வாங்கியதும் இருக்கிறது. இதுவரை அவர் திருப்பித் தந்தது 1.2 லட்சம். 14 மாதத்தில் ஒரு சீட்டு முடிந்து 2 லட்சம் வரும். இந்த வீட்டை வாங்கலாமா? எங்கே நிறுத்துவது நல்லது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல்

பதில்: வாங்க வேண்டாம் அம்மா. எங்கே நிறுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள், அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது வீடு அல்ல, 'டாப்-அப்' என்ற சொல்.

முதலில் சக்கரத்தைப் பார்ப்போம். அமெரிக்காவிலிருந்து வந்த மோகம் இது. அங்கேயே இதற்குச் சட்டம் வழிவிட்டால்தான் வண்டி நிற்கும். டெக்சாஸ் மாநிலத்தில் ஸ்பர் என்ற சின்னஞ்சிறு ஊர், ஆள் குறைந்துபோனதால் 2014இல் சிறு வீடுகளை வரவேற்று விதியைத் தளர்த்தியது. அந்த ஊர்கூடச் சக்கரத்தைக் கழற்றி அடித்தளத்தில் உட்கார வைக்கச் சொன்னது. கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரம் 2016இல் கொல்லைப்புறத்தில் சக்கர வீட்டை நிறுத்த அனுமதித்தது. அதற்கென்று தனி விதி எழுதிய பிறகுதான் அனுமதித்தது. இணையத்தில் பார்க்கும் அழகான காணொளிகளில் இந்தப் பகுதி வருவதில்லை.

நம் ஊரில் அப்படி ஒரு தனி விதி இல்லை. ஆகவே உங்கள் வீடு இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். அது வண்டி என்றால் பதிவு வேண்டும். இழுத்துச் செல்லும் டிரெய்லராக இருந்தாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பதிவு இல்லாமல் சாலையில் ஏற முடியாது. உங்கள் அண்ணனுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் தொழிலே அதுதான். அது வீடு என்றால் கட்டட விதிகளுக்குள் வந்துவிடும். நகராட்சிச் சட்டங்கள் கட்டடம் என்று சொல்லும்போது செங்கல்லை மட்டும் சொல்வதில்லை; மரம், மண், உலோகம் என்று எதனால் செய்ததையும் சேர்த்தே சொல்கின்றன. தண்ணீர்க் குழாய், மின் இணைப்பு, கழிவுத்தொட்டி என்று மூன்றும் வந்து, உள்ளே அடுப்பு எரிந்தால், கீழே டயர் இருக்கிறது என்ற வாதம் அலுவலகத்தில் எடுபடாது.

இனி அவர் சொன்ன நான்கு இடங்கள். உங்கள் மனை அங்கீகாரமில்லாதது. செங்கல் வீட்டுக்குக் கிடைக்காத அனுமதி தகர வீட்டுக்கும் கிடைக்காது. தவிர, அந்த மாதிரி மனைப்பிரிவுகளில் சாலை பதினாறு அடி, இருபது அடிதான் இருக்கும். முப்பது அடி வண்டியை அந்த முனையில் திருப்பிப் பாருங்கள். மூன்று சென்ட் என்பது சுமார் 1,300 சதுர அடி. சுற்றிலும் விட வேண்டிய இடத்தை விட்டு, ஒரு கார் நிற்க விதிப்படி வேண்டிய இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டரையும் ஒதுக்கினால், முப்பது அடி நீளப் பெட்டி குறுக்கே நிற்குமா நெடுக்கே நிற்குமா என்பதே கேள்வியாகிவிடும்.

பட்டறையின் பின்பக்கம் குடியிருக்கும் இடம் அல்ல. அங்கே இருக்கும் மின் இணைப்பு தொழிலுக்கானது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதெல்லாம் அதில் கிடையாது. வெல்டிங் புகைக்கும் பெயின்ட் நெடிக்கும் நடுவே உங்கள் மகள் பொதுத்தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்பதையும் யோசியுங்கள். மாமனார் தோட்டத்தில், இலவச விவசாய மின்சாரத்திலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுத்தால் அது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் அனுமதியற்ற பயன்பாடு; அபராதம் மாமனார் பெயருக்கு வரும். விவசாய நிலப் பயன்பாட்டில் உள்ள இடத்தில் குடியிருக்க அனுமதி வாங்குவது தனிக் கதை. கணவரின் உடன்பிறந்தவர்கள் "எங்கள் பங்கில் வண்டியை நிறுத்திவிட்டார்கள்" என்று சொல்லும் நாள் இன்னொரு கதை. கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். முப்பது அடி டிரெய்லரை அதில் ஏற்றுவேன் என்று அண்ணன் சொன்னபோது நீங்கள் சிரித்திருக்க வேண்டும். மலைப்பகுதிக் கட்டுமானத்துக்கு விதிகள் இன்னும் கடுமை என்பது அதற்குப் பிறகு வரும் பேச்சு.

விலையையும் பார்த்துவிடுவோம். 240 சதுர அடி, 9.5 லட்சம், சதுர அடி ஏறக்குறைய 4,000 ரூபாய், நிலம் சேராமல். பில் போட்டால் இதற்குமேல் ஜிஎஸ்டி வரும். பில் இல்லாமல் என்றால் நாளை பதிவுக்கோ காப்பீட்டுக்கோ காட்ட உங்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. 15 சதவீதத்தில் ஐந்தாண்டுக்குத் தவணை சுமார் 22,600. மொத்தம் கட்டுவது 13.5 லட்சத்துக்கு மேல். மிச்சமாகும் வாடகை 9,000தான். பத்து ஆண்டு கழித்து அது பழைய லாரி பாடியின் விலைக்குப் போகும். எந்த வங்கியும் இதற்கு வீட்டுக் கடன் தர முன்வராமல், நிதி நிறுவனம் மட்டும் 15 சதவீதத்தில் நிற்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

இதையெல்லாம் உங்கள் அண்ணன் அறியாதவர் அல்ல. அப்படியானால் எதற்காக இந்த வீடு? கடிதத்தை இன்னொரு முறை படியுங்கள். வீடு எப்போது முடியும் என்று அவர் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை; 5 லட்சம் இந்த மாதம் வேண்டும் என்பது மட்டும் இருக்கிறது. அந்த 5 லட்சம் தகரமாகவும் டயராகவும் மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை; பட்டறையின் பழைய பாக்கிகளுக்குப் போகும் என்றுதான் தோன்றுகிறது. அவர் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார் என்று நான் சொல்லவில்லை. நெருக்கடியில் இருப்பவர், தங்கை மறுக்க முடியாத மாதிரி ஒரு காரணத்தோடு வந்திருக்கிறார். 2020இல், 2022இல், 2024இல் வேறு காரணங்கள் இருந்திருக்கும்.

அந்தத் தனிநபர் கடனை நீங்கள் ஒரே கடனாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வட்டியை நீங்கள் எழுதவில்லை. தவணையைப் பார்த்தால் 14 சதவீதம் இருக்கும். தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். முதல் 4 லட்சத்துக்கு மாதம் 9,300 வீதம் இரண்டு ஆண்டு கட்டியதும் பாக்கி 2.7 லட்சம். அப்போது டாப்-அப் செய்ததில் கைக்கு வந்து அண்ணனிடம் போனது 3.3 லட்சம். அடுத்த இரண்டு ஆண்டு 14,000 வீதம் கட்டினீர்கள், பாக்கி 4.1 லட்சமாக இறங்கியதும் மறுபடி டாப்-அப், மறுபடி 3.4 லட்சம். ஆக அண்ணனுக்குப் போனது 10.7 லட்சம். நீங்கள் இதுவரை கட்டிய தவணைகள் ஏறக்குறைய 7.7 லட்சம், அதில் வட்டி மட்டும் சுமார் 3.4 லட்சம். இன்னும் பாக்கி 6.4 லட்சம். ஐந்து ஆண்டு ஒழுங்காகக் கட்டிய பிறகு, ஆரம்பித்த 4 லட்சத்தைவிட அதிகமாகக் கடன்பட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் கடன் சற்று இறங்கியதும் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கும், அதே வாரம் அண்ணனும் வந்திருப்பார். ஆசிரியை சம்பளக் கணக்கு என்றால் வங்கிக்கு அவ்வளவு பிரியம்.

புதுத் தவணையும் சேர்ந்தால் 40,000. நகைக் கடன் வட்டி சுமார் 2,000. வருமானம் 85,000. பாதி போய்விடும், மகள் கல்லூரியில் சேரப்போகும் நேரத்தில்.

உங்களால் ஏன் மறுக்க முடியவில்லை என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். அதை அச்சில் சேர்க்கவில்லை, இங்கே ஒரு வரி மட்டும் சொல்கிறேன். மகளின் சீருக்குத் தாய்மாமனாக அவர் ஐந்து பவுன் போட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் அந்த ஐந்து பவுனும் இன்று அவருக்காகவே அடகில் இருக்கும் எட்டுப் பவுனில் அடக்கம் என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

செய்ய வேண்டியது: வங்கிக்குப் போய், டாப்-அப் அழைப்புகளும் குறுஞ்செய்திகளும் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். அண்ணனிடம், "என் பெயரில் இனி கடன் கிடைக்காது" என்று சொல்லுங்கள். "தர மாட்டேன்" என்று சொல்வதைவிட உங்களுக்கு இது எளிது. பட்டறை போன்ற தொழிலுக்கு முத்ரா திட்டத்தில் பிணையில்லாமல் 10 லட்சம் வரை அவர் பெயரிலேயே கடன் கேட்கலாம். வங்கி தர மறுத்தால், அவருடைய கணக்கு வழக்கில் ஏதோ இருக்கிறது என்று பொருள்; அதைத் தெரிந்துகொண்ட பிறகும் நீங்கள் தரத்தான் வேண்டுமா?

நகைக் கடனின் வட்டியை இந்த மாதத்திலிருந்து அவர் கட்டட்டும். 2,000 ரூபாய்தான், அதுகூட முடியாது என்றால் 9.5 லட்சத்துக்கு வீடு கட்டித் தருவது எப்படி? கூடவே, இதுவரை வாங்கிய தொகைக்கு ஒரு கையெழுத்து வாங்குங்கள். எழுத்தில்லாத கடனுக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் வரம்பு. 2020, 2022இல் கொடுத்தது அதைத் தாண்டிவிட்டது. ஆனால் திருப்பித் தருவதாக அவர் இப்போது எழுதிக் கையெழுத்திட்டால் ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி அது செல்லும். வழக்குக்குப் போகச் சொல்லவில்லை. நாளை அண்ணிக்கும் அவர் பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

சீட்டுப் பணம் 2 லட்சம் வந்ததும் அப்படியே தனிநபர் கடனில் போடுங்கள். அப்போது பாக்கி 4.9 லட்சம் அளவில் இருக்கும், அது 2.9 லட்சமாக இறங்கும். அதே தவணையைத் தொடர்ந்தால் நான்கு ஆண்டில் முடிய வேண்டியது இன்றிலிருந்து 33 மாதத்தில் முடியும். முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் மனையைக் கவனியுங்கள். பதினோரு ஆண்டாக யாரும் அதைத் திரும்பிப் பார்க்காததுதான் இந்தச் சக்கர யோசனைக்கே இடம் கொடுத்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனை என்பதால் அங்கீகாரமில்லாத மனைகளை முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டு வரன்முறை விதிகளின் கீழ் வரத் தகுதி உண்டு. காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இப்போது எது திறந்திருக்கிறது என்பதைப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றோடு உள்ளூர்த் திட்டக் குழும அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். மனை எந்த நிலப் பயன்பாட்டில் இருக்கிறது என்பதையும் அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள். தரகரிடம் கேட்க வேண்டாம். கட்டணம் கொஞ்சம் ஆகும். அதற்குச் செலவழிப்பதைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை.

வரன்முறையானால் நிலைமை மாறிவிடும். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. சிறிய வீடுதான் ஆசை என்றால் தாராளமாகச் சிறியதாகவே கட்டுங்கள்: 500 சதுர அடி, சதுர அடிக்கு 2,400 என்று வைத்தாலும் 12 லட்சம். அதில் 10 லட்சம் வீட்டுக் கடன், எட்டரை சதவீதம், பதினைந்து ஆண்டு, தவணை 9,850. இன்றைய வாடகையைவிட 850 ரூபாய்தான் அதிகம், இடமும் சக்கர வீட்டைப்போல் இரு மடங்கு. தனிநபர் கடன் முடிந்த மாதத்தில் இதைத் தொடங்கினால் 17,450 ரூபாய் கையில் விடுபட்டிருக்கும். அந்த வீட்டுக்குக் கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் அண்ணன் பட்டறையிலேயே செய்யலாம். பில் போட்டு, வேலை முடிந்த பிறகு பணம்.

சீட்டு பதிவு பெற்ற நிறுவனத்தில் போட்டதா, தெருவில் நடத்தும் சீட்டா என்று நீங்கள் எழுதவில்லை. மேலே போட்ட கணக்கு அதை நம்பித்தான் நிற்கிறது. இந்த வாரமே பாஸ்புத்தகத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.