கேள்வி–பதில்: விளக்கிவிட்டுத்தான் வாசிக்கணுமா?

கேள்வி: எங்கள் கவிதைக் கூட்டத்தில் ஆளுக்கு 5 நிமிடம். பலர் அதில் 3 நிமிடத்தை விளக்கத்திலேயே கழித்துவிடுகிறார்கள். விளக்காமல் வாசித்தாலோ ‘புரியலையே’ என்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: சூழலைச் சொல்லுங்கள், பொருளைச் சொல்லாதீர்கள். குறுந்தொகைப் பாட்டுகளோடு ஒரு கூற்றுக் குறிப்பு வரும்: பேசுவது யார், எந்த நேரத்தில். 40-ஆம் பாட்டில், பிரிந்துவிடுவாரோ என்று தலைவி அஞ்சுவதைக் கண்டு தலைவன் சொன்னது என்றிருக்கும். பாட்டில் உவமையாக வரும், செம்மண்ணில் பெய்த மழைநீருக்கு என்ன அர்த்தம் என்று அந்தக் குறிப்பு வாய் திறப்பதில்லை. அதுவும் புலவர் எழுதியதல்ல, பின்னால் சேர்ந்தது. அவருடைய சொந்தப் பெயர்கூட நம்மிடம் இல்லை. உவமையை வைத்தே செம்புலப் பெயனீரார் என்கிறோம்.

உங்கள் கவிதையில் ‘மடை’ வருகிறதென்று வையுங்கள். அல்சூர் ஏரியை பஸ் ஜன்னல் வழியாகவே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சொல் தெரியாது. ‘ஏரித் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் வாய்’ என்று முன்னாலேயே சொல்லிவிடலாம். ‘இங்கே மடை என்பது அம்மாவின் மௌனம்’ என்றீர்களோ, போச்சு. கேட்பவர் அந்த வரிக்காகக் காத்திருந்து, வந்ததும் சரிபார்த்துக்கொள்வார். மற்ற வரிகள் காற்றோடு போகும்.

முன்னுரைக்கு இரண்டு வாக்கியம், 20 நொடி போதும். ‘சும்மா கிறுக்கினேன்’ என்பதையும் விட்டுவிடுங்கள். 16 வரிக் கவிதையை நிதானமாக வாசிக்க ஒரு நிமிடம் சொச்சம். ஆகவே இரண்டு முறை வாசிக்கலாம். அச்சில் என்றால் கண் திரும்பிப் போகும், காதுக்கு அந்த வசதி இல்லை. ‘புரியலை’ என்பதில் பாதி, வரி முடிவில் குரலை விழுங்குவதால் வருவது; கடைசிச் சொல் மைக்குக்கே எட்டுவதில்லை. இரண்டாம் வாசிப்புக்குப் பிறகும் எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கினால், விளக்கம் தேடாமல் அந்த வரியைத் திருத்துங்கள்.

கேள்வி: தமிழ் தெரியாத கன்னட நண்பர்களும் வருகிறார்களே?

பதில்: அவர்களுக்கு மட்டும் கணக்கு தலைகீழ். கவிதையின் சாரத்தை இரண்டு வரியில் கன்னடத்தில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அர்த்தம் தேடித் தவிக்காமல், ஓசையையாவது நிம்மதியாகக் கேட்பார்கள்.