அரியாலை வளவில் இனிப்புக் கிரேப்ஃபுரூட் காய்க்குமா?

கேள்வி: கொழும்பில் வாங்கிய சிவப்புக் கிரேப்ஃபுரூட்டின் விதையை 4 வருடங்களுக்கு முன் போட்டேன். மரம் ஆளுயரம் தாண்டிவிட்டது, இன்னும் பூக்கவில்லை. புதுத் துளிர் எல்லாம் வெளிறி வருகிறது. ஜேர்மனியில் தங்கை வீட்டில் கசப்பில்லாத வெள்ளைச் சதைப் பழம் ஒன்று சாப்பிட்டேன், ‘ஸ்வீற்றி’ என்றார்கள். அது எங்கள் வளவில் வருமா? தங்கை வரும்போது ஒரு தடி கொண்டுவரச் சொல்லலாமா? கிணற்றுத் தண்ணீர் ஆவணியில் கொஞ்சம் உவர்க்கும். (வாசகி, அரியாலை)

பதில்: வரும். ஆனால் விதையிலிருந்து வராது. நீங்கள் சாப்பிட்ட ஸ்வீற்றியின் மூலப்பெயர் ஓரோபிளாங்கோ. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் றிவர்சைட் வளாகத்தில் 1958இல் புளிப்பில்லாத ஒரு பம்பிளிமாசையும் வெள்ளைக் கிரேப்ஃபுரூட்டையும் கலந்து உருவாக்கி, 1980இல் வெளியிட்ட இனம் அது. மும்மடி நிறமூர்த்தங்கள் கொண்டதால் அதில் முளைக்கக்கூடிய விதை அநேகமாக இருக்காது. ஒட்டினால்தான் உண்டு.

உங்கள் சிவப்பு மரத்தின் கதை வேறு. கிரேப்ஃபுரூட் விதையில் பெரும்பாலும் தாய் மரத்தின் அச்சொட்டான கன்றே முளைக்கும். ஆகவே நீங்கள் வாங்கிய அதே சிவப்புப் பழம்தான் ஒரு நாள் காய்க்கும். ஆனால் விதைக்கன்று பூக்க 7, 8 வருடம் எடுக்கும், சிலவேளை அதற்கும் மேலே. பசளையைக் கூட்டினால் பூக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தழைச்சத்துக் கூடினால் முள்ளும் குருத்தும்தான் வளரும், பூ இன்னும் தள்ளிப்போகும். 4 வருட வேர் உள்ள மரத்தை வெட்டி எறியவும் வேண்டாம். அதன்மேல் இனிப்பு இனத்தை ஒட்டலாம்.

அதற்கு முன் கிணற்றுத் தண்ணீரைச் சோதியுங்கள். எல்லா முடிவும் அதில்தான் தங்கியிருக்கிறது. மாரி முடிந்த கையோடு சோதித்தால் எந்தக் கிணறும் நல்ல கிணறாகத்தான் தெரியும். சுண்ணக்கல்லுக்குள் நிற்கும் நன்னீர்ப் படை கோடையில் மெலிந்து உவர் மேலே ஏறுவது ஆவணி, புரட்டாதியில்தான். அப்போது ஒரு போத்தல் தண்ணீர் எடுத்து, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் பாருங்கள், பேனை போன்ற சிறிய மீற்றரே போதும். சென்ரிமீற்றருக்கு 1200 மைக்றோசீமன்சுக்குள் இருந்தால் கிரேப்ஃபுரூட்டுக்குக் குறையில்லை. 1600 வந்தால் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு போகும். 2200இல் கால்வாசி போகும். அதற்கு மேலே என்றால் இந்த மரத்தில் காசையும் உழைப்பையும் போடாதீர்கள், அந்த இடத்தில் மாதுளை வையுங்கள், உவரை அது நன்றாகவே தாங்கும்.

1200க்குள் என்றால் இருக்கிற மரத்தில் ஒட்டலாம். 1200க்கும் 2200க்கும் இடையில் என்றால், கிரேப்ஃபுரூட் வேர் உப்பிலுள்ள குளோரைட்டைத் தடுக்காமல் இலைக்கு ஏற்றிவிடும் என்பதால், ரங்பூர் லைம் அல்லது கிளியோபாட்ரா மண்டரின் கட்டையில் (வேராக நிற்கும் அடிக்கன்றில்) ஒட்டிய புதுக்கன்று வைப்பதே நல்லது. இந்த இரண்டும் உப்பையும் சுண்ணாம்பையும் ஓரளவு தாங்கும். கன்று விற்பவரிடம் “என்ன கட்டையில் ஒட்டினது?” என்று கேளுங்கள். முவ்விலைத் தோடை, சுவிங்கிள் என்று பதில் வந்தால் வாங்காதீர்கள். குளிர்நாட்டில் பேர்போன கட்டைகள் அவை, எங்கள் சுண்ணாம்பு மண்ணில் மஞ்சளடித்துத் தேயும்.

தங்கையிடம் தடி கொண்டுவரச் சொல்வது பற்றி: வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் நடுகைப் பொருள் கொண்டுவர முடியாது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. தோடை இனத் தடிக்குள் ட்ரிஸ்டெசா வைரசோ வேறொரு நோயோ கண்ணுக்குத் தெரியாமல் வரலாம். அது உங்கள் மரத்தோடு நிற்காது, ஒழுங்கை முழுக்க உள்ள தேசி மரங்களுக்கும் போகும். ஓரோபிளாங்கோ வேண்டுமென்றால் இனப்பெயரைச் சொல்லி, பதிவு பெற்ற நாற்றுமேடைகளிலும் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமும் விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். ஸ்வீற்றியின் இனிப்பு தாய்வழியாக வந்தது, அந்தத் தாய் பம்பிளிமாஸ். தெற்கில் ஜம்போலா என்பார்கள். ஊரில் புளிப்புக் குறைந்த பம்பிளிமாஸ் மரம் எங்காவது நின்றால், அதன் பழத்தை நீங்களே சாப்பிட்டுப் பார்த்து, அந்த மரத்திலிருந்தே அரும்பு எடுங்கள். இலை ஒரே சீரான பச்சையாக, வருடாவருடம் ஒழுங்காகக் காய்க்கிற மரமாக இருக்கவேண்டும்.

ஒட்டும் முறை

காலம் தை, மாசி. மாரி ஈரத்தில் பட்டை இலகுவாகக் கழரும், வெயிலும் ஏறியிராது. உங்கள் மரத்தின் அடிமரம் தடித்திருக்கும், அதில் நேரே ஒட்டுவது கடினம். நன்றாகப் பரவி நிற்கும் 3, 4 கிளைகளில் பென்சில் பருமன் உள்ள இடங்களைத் தெரிவு செய்யுங்கள். அப்படிக் கிளை இல்லையென்றால் கார்த்திகையில் சில கிளைகளைக் குறைத்துவிட்டால் தையில் ஏற்ற தளிர் கிடைக்கும்.

தாய் மரத்தில் முற்றிய, உருண்டையான தடி எடுங்கள். முக்கோணமாக இருக்கும் இளந்தடி உதவாது. இலைத் தகட்டை நறுக்கி, காம்பை மட்டும் கைபிடிக்க விடுங்கள். கட்டையில் குறுக்காக அரை அங்குலம், அதிலிருந்து கீழ்நோக்கி 1 அங்குலம் என்று பட்டையை மட்டும் கீறி, கத்தியின் பின்புறத்தால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தூக்குங்கள். உள்ளே வழவழப்பாக ஈரம் மின்னவேண்டும். காய்ந்து, பட்டை கிழிந்து வந்தால் அன்றைக்கு விடுங்கள், 2 நாள் தண்ணீர் கட்டிவிட்டுப் பாருங்கள். அரும்பைக் கேடயம்போல் 1 அங்குல நீளத்தில் சீவி, காம்பைப் பிடித்துக் கீழ்நோக்கிச் செருகுங்கள். வெட்டிய முகத்தில் விரல் படக்கூடாது. மெல்லிய பொலித்தீன் நாடாவால் கீழிருந்து மேலே இறுக்கிச் சுற்றுங்கள், அப்போதுதான் தண்ணீர் வடியும், உள்ளே போகாது.

3 கிழமையில் நாடாவைக் கழற்றிக் காம்பைத் தொடுங்கள். தட்டினதும் விழுந்து, அரும்பு பச்சையாக நின்றால் பிடித்துவிட்டது. காம்பு கருகி ஒட்டிக்கொண்டு நின்றால் அரும்பு செத்துவிட்டது, மறுபக்கத்தில் இன்னொன்று போடுங்கள். பிடித்த அரும்புக்கு மேலே உள்ள கிளையை உடனே வெட்டாதீர்கள். பாதி முறித்துச் சாய்த்துவிட்டு, அரும்பு 6 அங்குலம் வளர்ந்த பின் வெட்டுங்கள். ஒட்டுக்குக் கீழே வரும் தளிர் ஒவ்வொன்றையும் கிள்ளவேண்டும். 2 மாதம் கவனிக்காமல் விட்டால் பழைய சிவப்பே மரத்தைப் பிடித்துக்கொள்ளும். எல்லாம் ஒழுங்காகப் போனால் 2, 3 வருடத்தில் பூவைக் காணலாம்.

வெளிறிய இலை

மஞ்சள் இலையைக் கண்டதும் ஒரு பிடி யூரியா போடுவது யாழ்ப்பாணத்தில் எல்லாரும் செய்கிற வேலை. முதலில் எந்த இலை மஞ்சள், எப்படி மஞ்சள் என்று பாருங்கள். நுனித் துளிர் வெளிறி, நரம்பு மட்டும் மெல்லிய பச்சை வலையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துப் பற்றாக்குறை. துளிர் இலை சிறுத்து, ஒடுங்கி, நரம்புகளுக்கிடையில் மஞ்சள் திட்டு விழுந்தால் நாகச்சத்து (துத்தநாகம்) பற்றாக்குறை. அடி இலைகள் முழுவதும் ஒரே மாதிரி மஞ்சளித்தால் மட்டும் தழைச்சத்து. முதிர்ந்த இலையின் அடியில் தலைகீழ் ஆப்புப்போல் பச்சை நின்று மிச்சம் மஞ்சளித்தால் மக்னீசியம். இலை நுனியும் விளிம்பும் கருகினால் உப்பு. நடுநரம்பின் இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் வேறு மாதிரி என்று சீரில்லாமல் திட்டுத்திட்டாக மஞ்சளித்து, அதோடு காயும் கோணலாக வந்தால் கிரீனிங் நோய் என்று சந்தேகிக்கவேண்டும். அதற்கு மருந்து இல்லை, போதனாசிரியருக்குக் காட்டி உறுதி செய்துகொண்டு மரத்தை எடுத்துவிடுவதுதான் வழி.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுடையது இரும்பு, அல்லது இரும்பும் நாகமும் சேர்ந்தது. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு அதைப் பூட்டி வைத்திருக்கிறது. ஈ.டி.டி.ஏ. (EDTA) வகை இரும்பு இந்த மண்ணில் நிற்காது, பெட்டியில் ஈ.டி.டி.எச்.ஏ. (EDDHA) என்று போட்டதை வாங்கி, பெட்டியில் உள்ள அளவில் வேரடியில் கரைத்து ஊற்றுங்கள். நாகத்துக்கு, துளிர் இலை முக்கால்வாசி விரிந்த நேரம் 1 லீற்றர் தண்ணீரில் 5 கிராம் நாக சல்பேற்றும் 2.5 கிராம் நீற்றிய சுண்ணாம்பும் கலந்து மாலையில் தெளியுங்கள். சுண்ணாம்பு சேர்க்காவிட்டால் இலை கருகும். அடுப்புச் சாம்பலை இந்த மரத்தடியில் கொட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள், அது மண்ணின் காரத்தைக் கூட்டி இரும்பை இன்னும் பூட்டும். தழைச்சத்துக்கு யூரியாவைவிட அமோனியம் சல்பேற் நல்லது, வேரடி மண்ணைக் கொஞ்சம் புளிப்பாக்கும். ஒட்டு வளரும் மரத்துக்கு 2 மாதத்துக்கு ஒரு தடவை 80 முதல் 100 கிராம், கிளை விரிவுக்கு நேர் கீழே வட்டமாகத் தூவி உடனே தண்ணீர் விடுங்கள். பொட்டாசியத்துக்கு எம்.ஓ.பி. (பொட்டாசியம் குளோரைட்) வேண்டாம், அதில் குளோரைட் இருக்கிறது. பொட்டாசியம் சல்பேற் கேளுங்கள். வருடத்துக்கு 15, 20 கிலோ உக்கின மாட்டெருவும், பூவரசம் குழையும் போடலாம். கிணற்றுப் பக்கமாக ஒன்றும் போடாதீர்கள், எங்கள் சுண்ணக்கல்லில் பசளை நேரே தண்ணீருக்குள் இறங்கும்.

புதுக்கன்று வைப்பதென்றால் 3 அடி அகல, ஆழக் கிடங்கு. அலவாங்கு போட்டு உடைத்த வெள்ளைக்கல் தூளைத் திரும்பக் கிடங்குக்குள் தள்ளவே கூடாது. அப்புறப்படுத்திவிட்டு மேல்மண்ணையும் எருவையும் நிரப்புங்கள். ஒன்றரை அடியிலேயே பாறை தட்டினால் தோண்டிக் கஷ்டப்படாமல் ஒன்றரை அடி உயர மேடு கட்டி அதில் நடுங்கள். மாரியில் 2 நாள் வெள்ளம் நிற்கிற இடமும் இந்த மரத்துக்கு ஆகாது. ஒட்டு மண்ணுக்கு மேலே 6 அங்குலமாவது நிற்கவேண்டும்.

தண்ணீரும் பூவும்

பாத்தி கட்டும்போது அடிமரத்தைச் சுற்றி 1 அடிக்கு உயர்ந்த மண் வட்டம் வைத்து, அதற்கு வெளியே தண்ணீர் விடுங்கள். அடிமரம் நனைந்து கிடந்தால் பட்டை அழுகிப் பிசின் வடியும். இலையில் தெளிப்பதும் தவறு, உவர்த் தண்ணீர் காய்ந்து இலையைச் சுடும். 12 அடி விரிந்த மரத்துக்குக் கோடையில் நாளுக்கு 40 முதல் 50 லீற்றர் கணக்கு, அதை 3, 4 நாளுக்கு ஒரு தடவை சேர்த்து விடுங்கள். நாளுக்கு இரண்டு வாளி மேலால் ஊற்றுவது உப்பை மேல்மண்ணிலேயே சேர்த்துவிடும். செத்தை 4 அங்குலம் பரப்புங்கள், அடிமரத்தில் முட்டாமல்.

பூக்க வைக்கும் வழியும் தண்ணீரில்தான் இருக்கிறது. காய்க்கும் வயது வந்தபின் ஆவணியில் 3, 4 கிழமை தண்ணீரை நிறுத்துங்கள். மத்தியானம் இலை சுருண்டு மாலையில் விரிந்தால் பொறுக்கலாம். மாலையிலும் விரியாவிட்டால் போதும், உடனே நன்றாக நீர் கட்டுங்கள். 3, 4 கிழமையில் பூ வரும், ஐப்பசி கடைசியில் மாரி பலக்கமுன் பிஞ்சு பிடித்துவிடும். வைகாசியில் பூத்தால் சோளகக் காற்று பிஞ்சை உதிர்த்துவிடும், அதனால்தான் ஆவணி. புரட்டாதித் தொடக்கத்தில், பூ விரியமுன், 1 லீற்றருக்கு 10 கிராம் செப்புச் சல்பேற்றும் 10 கிராம் சுண்ணாம்பும் சேர்த்த போர்டோக் கலவை ஒரு தடவை தெளியுங்கள். பூ உதிர்ந்தபின் இன்னொரு தடவை. தோடை இனங்களில் காங்கர் சொறி மிக மோசமாகப் பிடிப்பது கிரேப்ஃபுரூட்டைத்தான், காற்றோடு அடிக்கிற மழையில் பரவும். தென்மேற்குப் பக்கம் உயரமான கிளுவை வேலி இருந்தால் சோளகக் காலத்தில் கிளை உரசிக் காயப்படுவது குறையும். வாடைக் காற்றோடு மழை வருவது வடகிழக்கிலிருந்து, அந்தப் பக்கமும் மறைப்பு வேண்டும். பறவை எச்சம் போலிருக்கும் புழுவைக் கையால் பொறுக்கலாம். இலையில் வெள்ளிக்கோடு கீறும் சுரங்கப்பூச்சிக்குத் துளிர் 1 அங்குலமாக இருக்கும்போதே 1 லீற்றருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சவர்க்காரத்தோடு கலந்து அடியுங்கள். கிரீனிங்கைக் காவும் சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் தங்கும், அந்த மரத்தின் துளிரையும் பாருங்கள்.

பூத்ததிலிருந்து 8, 9 மாதம், ஆகவே ஆனி, ஆடியில் அறுவடை. எங்கள் சூட்டில் தோல் மஞ்சளாகும் என்று காத்திருக்காதீர்கள். கடும்பச்சை வெளிறி, தோல் வழவழப்பாகி, கையில் பாரமாக இருந்தால் ஒன்றை வெட்டிச் சாப்பிட்டுப் பாருங்கள். மரத்தில் பிடிக்காத இனிப்பு வீட்டில் புகையூட்டினாலும் வராது. பிந்தவும் விடவேண்டாம், சதை சாறு வற்றிச் சக்கையாகும். கசப்பு வெள்ளைப் பஞ்சிலும் சுளைத் தோலிலும்தான் அதிகம், இரண்டையும் உரித்துவிட்டுச் சாப்பிடுங்கள். சாறு பிழிந்தால் உடனே குடிக்கவேண்டும், வைத்தால் கசப்பு ஏறும்.

வீட்டில் கொழுப்புக்குச் சிம்வாஸ்டற்றின் அல்லது அற்றோவாஸ்டற்றின், பிரஷருக்கு நிபெடிப்பின், சிறுநீரகம் மாற்றியபின் சைக்குளோஸ்போறின் எடுப்பவர்கள் இருந்தால் வைத்தியரைக் கேட்காமல் இந்தப் பழத்தைக் கொடுக்காதீர்கள். இந்த மாத்திரைகளை உடைக்கும் குடல் நொதியத்தைக் கிரேப்ஃபுரூட் முடக்குவதால் இரத்தத்தில் மருந்து அளவுக்கு மீறி ஏறும். பம்பிளிமாசுக்கும் ஸ்வீற்றிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மாத்திரை காலையில், பழம் மாலையில் என்று பிரித்தாலும் பயனில்லை, அந்த முடக்கம் ஒரு நாளுக்கு மேலும் நிற்கும்.