ஒரு வருட நர்சிங் கோர்ஸில் மகளைச் சேர்க்கலாமா?

ஐயா, பிளஸ் டூ முடித்த மகளுக்கு ஒரு வருட நர்சிங் கோர்ஸ், முடித்ததும் வேலை உறுதி என்று சொல்கிறார்கள், சேர்த்துவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். வேலை கிடைக்கும்தான், ஆனால் அது ஸ்டாஃப் நர்ஸ் வேலை இல்லை. தமிழ்நாடு செவிலியர், தாதியர் கவுன்சிலில் அந்தச் சான்றிதழைக் கொண்டு பதிவு செய்ய முடியாது. சின்ன நர்சிங் ஹோம்களில் இந்தப் பிள்ளைகளையே ஊசி போடு, சலைன் ஏற்று என்று விட்டுவிடுகிறார்கள், நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால் பதில் சொல்ல முடியாமல் நிற்பது அந்தப் பெண்தான்.

பதிவுக்கு இவ்வளவு கெடுபிடி ஏன்? இரவில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வலியோடு வரும் பெண்ணுக்குப் பிரசவம் பார்ப்பவர் பெரும்பாலும் ஸ்டாஃப் நர்ஸ்தான். பிள்ளை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்குக் கருப்பை சுருங்கி உதிரப்போக்கு குறைவதற்கான ஆக்ஸிடோசின் ஊசியை 10 யூனிட் போட வேண்டும், உதிரப்போக்கு அளவு மீறுகிறதா என்று கண் எடுக்காமல் பார்க்க வேண்டும், எப்போது 108-ஐக் கூப்பிடுவது என்று அவரே முடிவெடுக்க வேண்டும். இதை ஒரு வருடத்தில், அதுவும் பிரசவ வார்டையே பார்க்காமல் கற்றுக்கொள்ள முடியுமா? சென்னை மாகாணத்தில் 1926-லேயே நர்ஸ்களைப் பதிவு செய்யச் சட்டம் போட்டார்கள். நாடு முழுவதற்குமான 1947 சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் தேசிய செவிலியர், தாதியர் ஆணையச் சட்டமும் வந்திருக்கிறது.

அதனால் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் முதலில் இந்த வருடத்துக்கான கவுன்சில் அங்கீகாரத்தைக் கேளுங்கள், அவர்கள் காட்டும் காகிதத்தோடு நின்றுவிடாமல் கவுன்சில் இணையதளத்திலும் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் எந்த மருத்துவமனைக்கு வார்டு பயிற்சிக்குப் போகிறார்கள் என்று கேட்டு, முடிந்தால் அங்கேயே போய்ப் பாருங்கள். பெங்களூரு பக்கம் படிப்பதில் தப்பில்லை, ஆனால் அங்கே பதிவு செய்துவிட்டு, தடையில்லாச் சான்று வாங்கி இங்கே மாற்ற வேண்டும், அந்த அலைச்சலையும் கணக்கில் வையுங்கள். நாளைக்கு வளைகுடா, லண்டன் என்று ஆசைப்பட்டாலும் இந்தப் பதிவைத்தான் முதலில் கேட்பார்கள்.

தனியாரில் தொடக்கச் சம்பளம் குறைவுதான், மறைக்க விரும்பவில்லை. நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங்குக்குப் பணம் இடித்தால் அரசு நர்சிங் பள்ளியில் மூன்று வருட ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோவுக்கு விண்ணப்பியுங்கள். பதிவு செய்துகொண்டு வேலை பார்த்தபடி பணம் சேர்த்து, பிறகு ஜி.என்.எம். முடித்தவர்களுக்கான இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துக்கொள்ளலாம்.