வீட்டு நாய் லேசா கீறினதுக்குக் கூட ரேபிஸ் (வெறிநோய்) ஊசி போடணுமா?

கீழ் வீட்டு நாய் முந்தாநாள் கீறி லேசா ரத்தம் வந்துச்சு, ஊசி போட்ட நாய்தான்னு ஓனர் சொல்றார், நான் போடணுமான்னு கேட்டிருக்கீங்க. போடணும், இன்னைக்கே போங்க. ரெண்டு நாள் ஆயிடுச்சேன்னு விட்டுடாதீங்க. நான் டாக்டர் இல்ல, கமெண்ட்ல வந்து "நீ யாரு சொல்ல"ன்னு கேக்கறவங்க தாராளமா டாக்டரையே கேட்டுக்கங்க.

எங்க அம்மாவுக்குக் கெண்டைக்கால்ல கடி. பக்கத்து வீட்டு நாய். அந்தம்மா கேட்டைப் புடிச்சு நின்னுகிட்டு "பப்பி ஒண்ணும் பண்ணாது, எல்லா ஊசியும் போட்டாச்சு"ங்குது, இங்க ரத்தம் ஒழுகுது. கார்டைக் காட்டுங்கன்னா அது மருமகன் வீட்ல இருக்காம். நான் அம்மாவைக் குழாயடியில உக்கார வச்சு சோப்பு போட்டுக் கால் மணி நேரம் தண்ணிய ஓட விட்டேன், அதுக்குள்ள ஒருத்தர் காப்பித்தூளோடயும் இன்னொருத்தர் சுண்ணாம்போடயும் வந்துட்டாங்க, விரட்டிவிட்டதுல இன்னைக்கு வரைக்கும் பேச்சுவார்த்தை இல்ல.

தெருமுனை கிளினிக்ல ஒரு டிடி (டெட்டனஸ் ஊசி) போட்டு, தையலும் போட்டுடலாம், மத்ததை நாளைக்குப் பாக்கலாம்னாங்க. நாய்க்கடிக்கு அப்படி உடனே தைக்கக்கூடாதுன்னு தெரியும், அங்கேருந்து நேரா ஜிஹெச். அம்மா வழியெல்லாம் அழுகை, தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசின்னு. அது ஆட்டு மூளையில செஞ்ச பழைய மருந்து, எப்பவோ நிறுத்தியாச்சு. இப்ப ரெண்டு கையிலயும் தோல்ல சின்னதா குத்துறாங்க, முதல் ஊசி நாளை 0ன்னு வச்சு 0, 3, 7, 28ஆம் நாள், காசு கிடையாது. பிரைவேட்ல சதையில போட்டா 14ஆம் நாளும் சேந்து அஞ்சு ஊசி.

ஆனா ரத்தம் வந்த கடிக்கு இது மட்டும் பத்தாது. தடுப்பூசி உடம்புல வேலைய ஆரம்பிக்க ஒரு வாரத்துக்கு மேல ஆகும், அது வரைக்கும் காப்பாத்த இம்யூனோகுளோபுலின்னு ஒண்ணு, ரெடிமேடா எதிர்ப்பு சக்தி குடுக்கற மருந்து, எடை பாத்து, காயத்துக்குள்ளயே போடணும். கூட்டத்துல அதை விட்டுட்டுதான் அனுப்பப் பாத்தாங்க, நான் கேட்டு நின்னதுக்கப்புறம்தான் போட்டாங்க. வலி உயிர் போகும், உண்மைதான். முதல் ஊசி போட்டு 7 நாள் தாண்டிட்டா அப்புறம் போட மாட்டாங்க, அதனால நீங்களும் வாயைத் திறந்து கேளுங்க, கீறல்ல ரத்தம் வந்திருந்தாலும் இதேதான்.

நாயை 10 நாள் பாப்போம்னு ஓனர் சொல்வார். பாக்கட்டும், நீங்க ஊசிய ஆரம்பிச்சுட்டுப் பாருங்க. நாய் நல்லா இருந்தா மிச்ச ஊசி வேணுமா வேணாமான்னு டாக்டர் சொல்லுவார். நமக்கு வெறிநோய் வந்துட்டா அதுக்கப்புறம் மருந்து கிடையாதுங்க. நாய் வளக்கறவங்க சண்டைக்கு வராதீங்க, எங்க வீட்லயும் நாய் இருக்கு.

இதுல எனக்கு எரிச்சல் நாய் மேல கூட இல்ல, ஆபீஸ் மேல. அரை நாள் லீவு கேட்டா ஹெச்ஆர் கேக்குது, "கடிச்சது உங்க அம்மாவைத்தானே, உங்களுக்கு எதுக்கு லீவு?" ஓபி சீட்டை போட்டோ எடுத்து அனுப்பினேன், சம்பளத்துல புடிச்சுட்டுதான் விட்டாங்க. அதே ஆபீஸ்ல எங்க மேனேஜர் தன் பூனை செத்ததுக்கு ஒரு வாரம் வரல.