அந்தியூரில் வாங்கிய குதிரைக்கு என்ன தடுப்பூசி?

கேள்வி: எங்களுக்கு தேவகோட்டை பக்கம். ஆடியில் அந்தியூர் சந்தையில் 4 வயதுப் பெண் குதிரை ஒன்று வாங்கினோம். மாப்பிள்ளை அழைப்புக்குப் போகும், எப்போதாவது வண்டிப் பந்தயத்துக்கும் போகும். காயம் பட்டால் ஒரு டிடி போட்டால் போதும், வேறு தடுப்பூசி எதுவும் வேண்டாம் என்கிறார் லாடம் அடிப்பவர். சரிதானா டாக்டர்?

பதில்: இல்லை. அந்த டிடி விஷயத்திலேயே அவர் சொல்வது தவறு. டிடி தடுப்பது ரணஜன்னியை, அதாவது டெட்டனஸை. அந்தக் கிருமி மண்ணிலும் குதிரை லத்தியிலும் கிடக்கிறது. நாம் வளர்க்கும் பிராணிகளில் அதற்குச் சட்டென்று பலியாவது குதிரைதான். லாட ஆணி சதையில் ஏறினாலே போதும். இதுவரை ஊசியே போடாத குதிரைக்குக் காயம் பட்ட பிறகு டிடி போட்டால், எதிர்ப்புச் சக்தி உருவாவதற்குள் விஷம் முந்திக்கொள்ளும். அப்போது விஷத்தை முறிக்கும் ஆன்டிடாக்சின் ஊசியும் வேண்டும். அதை ராத்திரி நேரத்தில் எங்கே தேடுவீர்கள்?

அதனால் இப்போதே முதல் ஊசி, 4 முதல் 6 வாரம் கழித்து இரண்டாவது, அப்புறம் வருடத்துக்கு ஒன்று. சினையானால் ஈனுவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பு ஒன்று போடுங்கள். சீம்பால் வழியே குட்டிக்கும் பாதுகாப்பு போகும். வாலைத் தூக்கி, அய்யனார் கோயில் மண் குதிரை மாதிரி விறைத்து நின்றாலோ, கண்ணின் உள்மூலையிலிருந்து சவ்வு ஏறி வந்தாலோ, அன்றைக்கே மருத்துவரை அழைத்துவிடுங்கள்.

அடுத்தது வெறிநோய். தெருநாய்கள் திரியும் ஊரில் இதை விடவே கூடாது. வருடம் ஒரு ஊசி. விழுங்கத் திணறி எச்சில் வடிக்கும் குதிரையின் வாயில், ஏதோ சிக்கியிருக்கிறது என்று கையை விடும் பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

இன்புளூயன்சா ஊசி, சந்தைக்கும் பந்தயத்துக்கும் போய் மற்ற குதிரைகளோடு நிற்கும் குதிரைக்கு. 2008-ல் ஜம்மு பக்கம் கத்ராவில் கிளம்பிய அந்தக் காய்ச்சல் பல மாநிலங்களுக்குப் பரவியது. உங்கள் குதிரைக்கும் இது தேவை. மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி வரவழையுங்கள்.

கிளாண்டர்ஸ் என்ற குதிரைத் தொற்றுநோய்க்குத் தடுப்பூசியே கிடையாது, மனிதருக்கும் தொற்றும். வாங்கும்போது ரத்தப் பரிசோதனை செய்யவில்லை என்றால் இப்போது கால்நடை மருத்துவமனையில் கேட்டு எடுத்துவிடுங்கள். முடிவு வரும்வரை வேறு குதிரைகளோடு கட்ட வேண்டாம்.

காய்ச்சல் இருக்கும்போது எந்த ஊசியும் கூடாது. போட்ட இடம் லேசாக வீங்கி, ஓரிரு நாள் மந்தமாக இருக்கலாம். முகூர்த்தத்துக்கு முதல் நாள் ஊசி போட்டுவிட்டு, மறுநாள் மாப்பிள்ளையை ஏற்றாதீர்கள்.